கண் வரும் வரிசை

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஓட்டலின் நீச்சல் குளத்துச் சுவரில், மணிகளால் நெய்த படம் ஒன்றை மாட்டப் போகிறார்கள். அதன் கீழே ஒட்டுவதற்கு நான்கு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அந்த நான்கு வரி வராமல் போனதால்தான் இத்தனை பக்கம் ஆகிறது. சின்னதாக எழுதத் தெரியாதவன்தான் பெரிதாக எழுதுவான் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஓட்டலுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பவர் போனில் பேசினார்.

"சார், ரொம்ப யோசிக்காதீங்க. கடற்கன்னி, காதல், ஆழம், இந்த மாதிரி நாலு வரி. படிச்சிட்டு சந்தோஷமா போய் ஜூஸ் ஆர்டர் பண்ணணும்."

"படத்துல என்ன இருக்கு?"

"கடற்கன்னி ஒரு ஆளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கீழ போறா."

"ஆள் உயிரோட இருக்கானா?"

"அதெல்லாம் யாரு சார் பாக்கப் போறா," என்றார்.

எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தவை இவை:

கடலின் அடியில் ஒரு

கடலின் அடியில் ஒருத்தி, ஒருவனை

அவள் அவனை நேசித்தாள். ஆகையால் அவன் மூழ்க

(மூன்றாவது சோப்பு விளம்பரம். அடித்துவிட்டேன். முதல் வரியை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. அதை எப்படி முடிப்பது என்று இன்னும் தெரியாது.)

2

படத்தை நெய்கிறவளின் வீடு மூன்றாவது மாடி. கீழே காவலாளியிடம் கேட்டபோது, "மணிக்காரி வீடா? கதவு திறக்க நேரமாகும், பொறுமையா நில்லுங்க," என்றார். நின்றேன். உள்ளே யாரோ பூட்டோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது. சாவி பாதி திரும்பி நின்றது, மறுபடி பின்னால் போனது. "தோளைக் குடுத்து ஒரு தள்ளு தள்ளுங்க சார்," என்றது ஒரு பெண் குரல். தள்ளினேன். கதவோடு சேர்ந்து நானும் உள்ளே போய் விழப் பார்த்தேன்.

"பூட்டை மாத்திடலாமே," என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"மாத்தக் கூடாது," என்றது உள்ளேயிருந்து இன்னொரு குரல். "அவன்கிட்ட சாவி இருக்கு."

என்னுடைய நான்கு வரி அந்த இடத்தில் செத்துப்போனது.

அவன் என்றால் மணிக்காரியின் கணவன். சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தவன். ஆறு வருடத்துக்கு முன்னால், நடுக்கடலில், ஒரு நாள் காலை அவன் வேலைக்கு வரவில்லை. மேல்தளத்தில் அவனுடைய செருப்பு மட்டும் கிடந்தது. கப்பல் திரும்பி வந்து தேடியது, அப்புறம் தன் வழியே போய்விட்டது. கம்பெனியிலிருந்து போனில் சொன்ன சொல் 'காணவில்லை'. அந்தச் சொல்லை மாமியார் ஒரு விதமாகவும் மருமகள் ஒரு விதமாகவும் எடுத்துக்கொண்டார்கள். காணாமல் போனது கிடைக்கக் கூடியது என்பது மாமியாரின் கட்சி. மருமகளுக்கோ

(இந்த வாக்கியத்தைப் பிறகு முடிக்கிறேன். இப்போதே முடித்தால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். அப்புறம் நான் என்ன எழுதினாலும் எடுபடாது.)

மணிக்காரி மாமியாரை அத்தை என்று கூப்பிடுகிறாள், அதனால் நானும் இங்கே அத்தை என்றே எழுதுகிறேன். அத்தை அவளைக் 'கண்ணு' என்று கூப்பிடுகிறாள். இந்தக் கதைக்கு வசதியாக இருக்கட்டுமென்று நான் வைத்த சொல் இல்லை இது. வைத்திருந்தால் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பேன்.

முன்னறை முழுவதையும் தறி அடைத்துக்கொண்டிருந்தது. கதவை விட உயரம். சுவரில் சாய்த்து நிறுத்திய இரும்புச் சட்டத்தில் மேலிருந்து கீழாகப் பாவு நூல் நெருக்கமாகக் கட்டியிருந்தது. சட்டத்தின் நான்கு மூலையிலும் கால் மாட்டும் ஓட்டைகளைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது.

"கட்டிலா இது?"

"கட்டில்தான் சார். ரெண்டு பேர் படுக்குறது. கடையில இவ்ளோ பெரிய சட்டம் கிடைக்கல," என்றாள் மணிக்காரி. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னல் திட்டில் வரிசையாக மூடிகள். ஜாம் பாட்டில் மூடி, மருந்து பாட்டில் மூடி, தைலப் புட்டி மூடி. ஒவ்வொன்றிலும் ஒரு நிற மணி. கடுகளவு மணிகள். அவற்றைப் பிரித்துப் போடுவது அத்தையின் வேலை. அத்தைக்குத் தூரத்துப் பார்வை சரியாக இருக்கிறது, கிட்டப்பார்வை போய்விட்டது. ஆகையால் விரலால்தான் பிரிப்பாள். கறுப்பு மணி கொஞ்சம் மெலிசு, வெள்ளை கொஞ்சம் தடிப்பு, பச்சையில் ஒரு வகை சொரசொரப்பு. ஈர விரல் நுனியில் ஒட்டி எடுத்து, உருட்டிப் பார்த்து, அதனதன் மூடியில் தட்டுவாள். பேசிக்கொண்டே செய்வாள், பெரும்பாலும் மருமகளைக் குறை சொல்லிக்கொண்டே.

3

படத்தைப் பற்றி. பழைய ஓவியர்களில் பலருக்குக் கடற்கன்னி மேல் ஒரு கண் இருந்திருக்கிறது. பாறையில் உட்கார்ந்து தலைவாரும் கன்னி, பாடும் கன்னி, கப்பலைப் பார்க்கும் கன்னி. அலங்காரக்காரர் கொடுத்தது வேறு வகை. எப்போதோ காலண்டரிலிருந்து கிழித்து, மடித்து, பையில் வைத்திருந்த பிரதி. கன்னி, மாலுமி ஒருவனை இடுப்போடு கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போகிறாள். வால் கீழே, அவன் கால்களைச் சுற்றி. அவன் விலாவில் அவள் தலை சாய்ந்திருக்கிறது. அவள் சிரிக்கிறாள். அவன் தலை அவளுக்கு மேலே, நிமிர்ந்தபடி.

அவன் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?

தெரியாது. மடிப்பு சரியாக அந்த இடத்தில் விழுந்து மை உதிர்ந்திருக்கிறது. போனில் தேடிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மணிக்காரி தேடினாள், ஓவியமும் கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு நிழல் பூச்சு. வரைந்தவர் தப்பித்துக்கொண்டார்.

தூரிகைக்கு அந்தச் சலுகை உண்டு, மணிக்குக் கிடையாது. மணி ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை, இல்லையென்றால் பழுப்பு. பாதி மூடிய கண்ணை இந்த அளவில் நெய்ய முடியாது என்று அவள் சொன்னாள். மூடிய கண்ணுக்குக் கறுப்பு மட்டும் போதும், ஒரு கோடு. திறந்த கண்ணுக்கு வெள்ளையும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லை.

(எழுதுகிறவனுக்கு மட்டும் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கேட்கப் போகிறாள். அவள் கேட்டால்தான் நன்றாக இருக்கும்.)

நெசவு கீழிருந்து மேலே போகும். ஒரு வரிசைக்கு வேண்டிய மணிகளை ஊசியில் கோத்து, பாவுக்குப் பின்னால் கொண்டுபோய், விரலால் முன்பக்கம் அழுத்த வேண்டும். ஒவ்வொரு மணியும் இரண்டு நூலுக்கு நடுவே வந்து உட்காரும். அப்படியே பிடித்துக்கொண்டு ஊசியை முன்பக்கமாகத் திருப்பி, அதே மணிகளுக்குள் விட வேண்டும். அதோடு அந்த வரிசை பூட்டிக்கொள்ளும். இதற்கு மேல் நான்கு வரிசை போன பிறகு, கீழே ஒரு மணி தப்பு என்று தெரிந்தால், நான்கையும் பிரிக்க வேண்டும். வால், கால்கள், கன்னியின் சிரிப்பு, அவனுடைய மார்பு, தாடை, உதடு, மூக்கு எல்லாம் ஆகிவிட்டது. நான் போன அன்று தறி மூக்கின் நெற்றிப் பக்கத்தில் நின்றது. அடுத்து கண் வரும் வரிசை.

அது நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது.

4

நின்ற காரணம் ஒரு தப்பு. இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு.

மணி சதுரம் இல்லை. தறியில் படுக்கும்போது அகலத்தை விட உயரம் கொஞ்சம் அதிகம். அதனால் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வரையும்போது, கட்டமும் கொஞ்சம் உயரமாக உள்ள தாளில்தான் வரைய வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குப் போடும் சதுரக் கட்டத் தாளில் வரைந்தால், நெய்து வரும்போது எல்லாம் மேல்நோக்கி நீண்டுவிடும். மணிக்காரி சதுரக் கட்டத் தாளில் வரைந்துவிட்டாள்.

வால் நீண்டது. வாலுக்கு நீளம் அழகு, யாருக்கும் தெரியவில்லை. கன்னியின் முகம் சாய்ந்திருப்பதால் நீளவில்லை, உப்பிக்கொண்டது. மாலுமி நிமிர்ந்திருக்கிறான். ஓவியத்தில் அவனுக்கு உருண்டை முகம், மீசை முளைக்காத பையன் முகம். தறியில் அது நீளமாக இறங்கியது.

மணிக்காரியின் கணவனைப் பள்ளிக்கூடத்தில் 'கால்மைல்' என்று கூப்பிட்டார்கள். முகத்தின் நீளம் கால் மைல் என்று கணக்கு. கப்பலிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. "அவனுக்கு மூஞ்சி கழுவ ஒரு பக்கெட் வேணும்," என்று அத்தையே சொல்லிச் சிரித்திருக்கிறாள். சின்ன வயதில் அவனும் சிரித்திருக்கிறான்.

இப்போது எழுதப் போகும் இடத்தில் நான் இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனது, அதுவே எனக்கு ஆச்சரியம்.

மாலை நாலு மணி. அத்தை தண்ணீர்க் கேனோடு வெளியே போய்விட்டுத் திரும்பி வருகிறாள். பூட்டோடு சண்டை போட்டு உள்ளே வந்து, வாசலிலேயே மூச்சு வாங்க நிற்கிறாள். மணிப்படம் கிட்டத்தில் பார்த்தால் புள்ளிக் கூட்டம், தள்ளி நின்றால்தான் படம். மாதக்கணக்கில் அத்தை தறியின் காலடியில் உட்கார்ந்து மணி பிரித்தவள், அவள் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரிந்ததில்லை. மணிக்காரியோ அதை விடக் கிட்டத்தில் உட்கார்ந்திருந்தவள். அன்று அத்தை வாசலில் நின்று பார்த்தாள்.

"கண்ணு."

"ம்."

"இவன் யாரு?"

"எவன்?"

"உன் கட்டில்ல நிக்கிறானே, இவன்."

"படத்துல உள்ள மாலுமி அத்தை."

"எம்புள்ளயும் கப்பல்லதான் போனான்," என்றாள் அத்தை. கேனைக் கீழே வைத்தாள். "எந்திரிச்சு இங்க வந்து பாரு."

மணிக்காரி எழுந்து வந்து அத்தையின் பக்கத்தில் நின்றாள்.

"தாள் தப்பு அத்தை. கட்டத்தாள் மாத்திப் போட்டுட்டேன். அதான் நீண்டுருச்சு."

"அவ மூஞ்சிய மட்டும் ஏன் உன்னுது மாதிரி உப்ப வச்சிருக்கே?"

"சாஞ்சிருக்கா அத்தை. சாஞ்ச மூஞ்சி உப்பத்தான் செய்யும்."

"சிரிச்சுக்கிட்டே இழுத்துட்டுப் போறா," என்றாள் அத்தை. அப்புறம் கேட்டாள்: "கண்ணு எப்படி வரும்? தொறந்தா, மூடியா?"

மணிக்காரி தாளில் ஏற்கெனவே வரைந்திருந்தாள். கறுப்புக் கோடு. பொய் சொல்லத் தோன்றவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

"மூடி, அத்தை."

"எம்புள்ள கண்ண மூடிட்டான்னு ஊருக்குப் போட்டுக் காட்டப் போறியா? நான் கண்ண மூடுற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா உனக்கு?"

அன்றிலிருந்து அத்தை மணி பிரிக்கவில்லை. மணிக்காரி ஊசி எடுக்கவில்லை.

5

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வருடக்கணக்கில் நெய்கிறவள். தாள் தப்பு என்பது அவளுக்கு எப்போது தெரிந்தது? இதைக் கேட்காமல் கதை எழுத முடியாது, கேட்டாலோ மனிதர்களாக இருக்க முடியாது. நான் கேட்டேன். அத்தை சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தாள் தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"வால் முடியறப்பவே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் நிறுத்தல?"

"வால் நல்லா வந்திருந்துச்சு சார்."

நான் நம்பவில்லை. இதைப் படிக்கிற நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆகவே இரண்டு விதமாக எழுதி வைத்தேன். ஒன்றில் அவள் தெரியாமல் செய்தாள், எந்த மாலுமியின் முகம் நீண்டாலும் கால்மைல்தான் வருவான், தற்செயல். மற்றொன்றில் அவள் தெரிந்தே அந்தத் தாளை எடுத்தாள், புருஷனைத் தன் கையால் முடித்து வைக்க

[இரண்டாவதைக் கிழித்துவிட்டேன். அவள் அதற்குள் வேறொன்று சொல்லிவிட்டாள்.]

"எனக்கு அவர் மூஞ்சி மறந்துபோச்சு சார்," என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், சமையலறைக்குக் கேட்கக் கூடாது. "போட்டோல இருக்குறது ஞாபகம் இருக்கு. அது போட்டோ. போட்டோ எடுக்காதப்ப எப்படி இருப்பாருன்னு வரவே மாட்டேங்குது. தாடை நெய்யும்போது லேசா வந்துச்சு. அதான் நிறுத்தல."

முன்னால் விட்ட வாக்கியத்தை இப்போது முடிக்கலாம். காணாமல் போனவனுக்காக மருமகளால் அழ முடியவில்லை. அழுதால் அத்தை, "செத்தவனுக்கா அழுவுற?" என்று கேட்பாள். ஆறு வருடமாக அவள் அந்த அழுகையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறாள். அத்தையை விட்டுப் போகவும் அவளால் முடியாது. போனால் அத்தைக்கு யாருமில்லை, தனக்கும் யாருமில்லை. அவளுக்கு அவன் செத்தாக வேண்டும், அத்தைக்கு அவன் உயிரோடு இருந்தாக வேண்டும். இருவருக்கும் இருப்பதோ ஒரே அறை, ஒரே தறி, ஒரே வரிசை.

6

முடிவுகள். வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன்.

அ. கண் திறக்கிறது. அத்தை மறுபடி மணி பிரிக்கிறாள். படம் குளத்துச் சுவருக்குப் போகிறது. கால்மைல் ஈரத்தலையோடு போகிற வருகிறவர்களையெல்லாம் பார்த்தபடி நிற்கிறான். மணிக்காரி தறியைக் கழற்றி மறுபடி கட்டிலாக்கி, அதில் ஒரு பக்கத்தில் மட்டும் படுக்கிறாள். (மோசமில்லை. கடைசி வாக்கியம் கொஞ்சம் கண்ணீர் கேட்கிறது.)

ஆ. கண் மூடுகிறது. அத்தை ஒரு பையில் சேலைகளை எடுத்துக்கொண்டு எங்கோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறாள். பூட்டு மாறுகிறது. புதுப் பூட்டில் சாவி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, அந்தச் சத்தமின்மையில் மணிக்காரிக்கு

(எனக்கே தாங்கவில்லை.)

இ. மருமகள் மாமியாருக்காகத் திறந்த கண்ணை நெய்யத் தீர்மானித்துக் காலையில் வந்து பார்க்கிறாள். மாமியார் அதற்குள் மருமகளுக்காக, நடுங்கும் கையால், மூடிய கண்ணை நெய்து வைத்திருக்கிறாள். கைதட்டல் வாங்கும். நானும் தட்டுவேன். ஆனால் இந்த இரண்டு பேரையும் பார்த்திருக்கிறேன், இவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை.

ஈ. அவன் வருகிறான். உண்மையாகவே வருகிறான், ஒரு நண்பகலில், யாரும் வீட்டில் இல்லாதபோது. சாவியைப் போடுகிறான். பாதி திரும்பி நிற்கிறது. மறுபடி போடுகிறான். தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது, அவன் இருந்தபோது பூட்டு நன்றாக இருந்தது. பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறான். படியிறங்கிப் போய்விடுகிறான்.

நான்காவதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இதைப் பிறருக்குப் படித்துக் காட்டக் கூடாது என்று நினைத்தேன்.

7

மறுநாளே படித்துக் காட்டினேன். எழுதுகிறவனின் புத்தி அவ்வளவுதான்.

நான்காவதை மட்டும் விட்டுவிட்டேன். அந்த அளவு மனிதத்தன்மை இருந்தது. மணிக்காரி தறிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசி நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே கேட்டாள். அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்காதது போல இருந்தாள்.

"இதுல எது சார் வச்சுக்கப் போறீங்க?"

"எதுவும் இல்ல. வாசகர்கிட்ட விட்டுடலாம்னு பாக்குறேன். நாங்க அப்படிச் செய்யறது உண்டு."

அவள் நூலைக் கீழே வைத்தாள். "நல்ல வசதி சார் உங்களுக்கு. இந்த வரிசையில நாலஞ்சு எடம் காலியா விட்டுட்டு, பாக்குறவங்க மணி கொண்டாந்து போட்டுக்கங்கன்னு நான் சொன்னா நூல் நிக்குமா? மேல நெத்தி இருக்கு, முடி இருக்கு, கடல் இருக்கு. எல்லாம் இந்த வரிசை மேலதான் நிக்கணும். என் கையில இருந்து இந்த முடிவை வாங்கிக்கறதுக்கு ஆளில்ல. உங்களுக்கு மட்டும் எப்படி சார் ஆள் கிடைக்குது?"

எனக்குப் பதில் இருந்தது. கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன், கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அந்த அறையில் அது ஒன்றும் வாயில் வரவில்லை.

அத்தை ஜன்னலிலிருந்தே பேசினாள். "தொறந்துடச் சொல்லுங்க எழுத்துக்காரரே. படந்தானே. ஒரு கிழவி கேக்குறா, படத்துலயாவது அவன் முழிச்சிருக்கட்டும்."

"தொறக்கலாம் அத்தை," என்றாள் மணிக்காரி.

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் எப்படி எழுதினாலும் கோபம் போலத் தெரியும் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். வருத்தமாகச் சொன்னாள். ரொம்ப நாள் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தது போலச் சொன்னாள்.

"தொறக்கலாம். ஆனா அவரு எங்க இருக்காருன்னு பாருங்க அத்தை. தண்ணிக்குள்ள இருக்காரு. வாயில இருந்து நீர்க்குமிழி போறதக் கூட நெய்தாச்சு. கண்ணத் தொறந்தா அவருக்கு எல்லாம் தெரியும். இழுத்துட்டுப் போறது தெரியும், மேல வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்தச் சுவத்துல அவருக்கு மூச்சு முட்டிக்கிட்டே இருக்கும். முடியவே முடியாது. அதத் தான கேக்குறீங்க?"

கீழே தெருவில் யாரோ ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்க முடியாமல் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிடம் அங்கே இருந்ததற்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை, கதவைத் திறக்க யாராவது கூட வர வேண்டும்.

8

* சிறு குறிப்பு. தமிழில் பாட்டிலுக்குப் போடுவதும் மூடி. கண்ணை மூடி என்பதும் மூடி. இதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் இதற்கு மேல் வரும் ஒவ்வொரு 'மூடி'யும் பாட்டில் மூடிதான். வேறு எதையும் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

அத்தை ரொம்ப நேரம் கழித்து, காலியாக இருந்த ஒரு மருந்து பாட்டில் மூடியை எடுத்தாள். விரலை நாக்கில் வைத்து நனைத்தாள். ஜன்னல் திட்டில் இருந்த மூடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். கறுப்பு மணி இருந்த மூடியில் நின்றாள், எடுத்தாள், உருட்டிப் பார்த்துக் காலி மூடியில் தட்டினாள். மறுபடி எடுத்தாள். அப்புறம் அவள் கை நகர்ந்தது. வெள்ளை இருந்த மூடி மேல் போய் நின்றது. விரல் உள்ளே போனதா, விளிம்பை மட்டும் தடவிவிட்டுத் திரும்பியதா என்பது நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. எழுந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் எழவில்லை.

மூடியை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் பொத்திக்கொண்டு, தறிக்கு முன்னால் வந்தாள்.

"இந்தா, கண்ணு."

மணிக்காரி வாங்கினாள். உள்ளே பார்த்தாள். அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஆறு வருடமாகத் தள்ளிப் போட்டது அப்போது வந்துவிட்டது என்று நினைக்கிறேன், சத்தம் இல்லாமல், மூக்கெல்லாம் சிவந்து, அழுதாள். அத்தை பார்த்துக்கொண்டு நின்றாள். "யாருக்காக அழுவுற?" என்று கேட்கவில்லை.

"சரியா எடுத்திருக்கீங்களா அத்தை?"

"விரல் தப்பாது. நெய்யி."

அவள் கோத்தாள். ஊசி பாவுக்குப் பின்னால் போனது. விரல் அழுத்தியது.

நான் வாசல் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்திருக்கலாம். அங்கேயிருந்துதான் எல்லாம் தெரியும். சுவரைப் பார்த்தபடி நின்று செருப்பைத் தேடினேன். அத்தை பின்னால் வந்து பூட்டோடு மல்லுக்கட்டினாள். "இழுங்க," என்றாள். இழுத்தேன்.

9

வெள்ளிக்கிழமை படத்தை மாட்டினார்கள். என் வரிகளை நானே போய் ஒட்டினேன்:

கடற்கன்னியும் ஒரு மனிதனும்.
கண்ணாடி மணி, மெழுகிட்ட நூல்.
கட்டில் சட்டத்தில் நெய்தது.
தள்ளி நின்று பார்க்கவும்.

"என்ன சார், கடைசியில காதலே இல்ல," என்றார் அலங்காரக்காரர். காசுக்கு வேலை செய்தவன் மாதிரி தலையைச் சொறிந்தேன்.

படத்துக்கு நேர் கீழே, மூக்கு சுவரில் படும் அளவுக்குக் கிட்டத்தில் நின்றுதான் ஒட்டினேன். அங்கே நிறைய நீலமும் பச்சையும், சில கறுப்பும் தெரிந்தன, அவ்வளவுதான். ஒட்டி முடித்ததும் சுவரோடு சுவராக நடந்து வெளியே போனேன். குளத்தின் எதிர்க்கரையிலிருந்து ஒரு சின்னப் பெண் கேட்டது காதில் விழுந்தது: "அம்மா, அந்த மாமா ஏம்மா அப்படி இருக்காரு?" அம்மா நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. "ஈரக் காலோட ஓடாத," என்றாள்.

எழுதுவதற்காக மணிக்காரியிடம் வாங்கி வைத்திருந்த காலண்டர் பிரதியை அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதே பூட்டு. அதே சத்தம், பாதி திரும்பி நின்று, பின்னால் போய். இதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். படத்தில் கண்ணை மூடிவிட்டு வீட்டில் பூட்டை மாற்றாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே இரண்டு பேரும் என்ன வேலையாக இருந்தார்களோ, கதவைத் திறக்க இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். தறியில் புதுப் பாவு கட்டியிருந்தது. அடியில் இன்னும் ஒரு வரிசை கூட வரவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மணிக்காரி அன்று கேட்டதற்கு இப்போது பதில் சொல்ல முடியும். அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருந்தது, அந்த வீட்டுக்குள்ளேயே. மூச்சு முட்டுகிற மகனா, முடிந்துபோன மகனா என்று ஒரு தாய் தன் விரலால் தொட்டு எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அப்படி யாரும் இல்லை. உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தள்ளி நிற்க வேண்டாம். கிட்டே வாருங்கள், இங்கே ஒன்றும் தெரியாது, அதனால் பயமில்லை. விரலை நனைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மெலிசு, வெள்ளை தடிப்பு. அவன் தண்ணீருக்குள் இருக்கிறான், அவனுடைய அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், அவனுடைய மனைவி ஊசியோடு காத்திருக்கிறாள்.

கடலின் அடியில் ஒரு

இந்தாருங்கள், மூடி. கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.